சார்ல்ஸ் ஸ்பியர்மன்

சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்பியர்மன் (செப்டம்பர் 10, 1863 – செப்டம்பர் 17, 1945) ஓர் ஆங்கிலேய உளவியலாளரும் புள்ளியியல் முறைகளை வகுத்தவரும் ஆவார். தர ஒட்டுறவுக் கெழு, காரணிப் பகுப்பாய்வு, சோதனைகளின் நம்பகத்தன்மையை அளக்கும் முறை ஆகிய மூன்றும் இவருடைய ஆய்வுகளிலிருந்து தோன்றியவை. மனிதரின் எல்லா அறிவுத் திறன்களுக்கும் அடியில் பொதுவான ஒரு திறன் உள்ளது என்னும் இருகாரணிக் கொள்கையை 1904 ஆம் ஆண்டில் முன்வைத்தார். கல்வியியல் பாடநூல்களில் இவர் பெயர் இக்கொள்கையை ஒட்டியே வருகிறது. புள்ளியியல் பாடநூல்களில் தர ஒட்டுறவை ஒட்டி வருகிறது. இரண்டையும் படிக்கும் மாணவர் பலர் இருவரும் ஒருவரே என்பதை அறிவதில்லை. உண்மையில் இவ்விரண்டும் ஒரே ஆண்டில், ஒரே ஆய்விதழில், ஒரே வினாவுக்கு விடை தேடும் முயற்சியில் பிறந்தவை.

இராணுவ வாழ்வும் லைப்சிக்கும்

ஸ்பியர்மன் இலண்டனில் பிறந்தார். இளமையிலேயே மெய்யியலில் நாட்டம் கொண்டிருந்தும் 1883 ஆம் ஆண்டில் பிரித்தானிய இராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்தார். இராணுவப் பணியில் படிப்பதற்கு ஓய்வு நேரம் மிகுதியாகக் கிடைக்கும் என்பது அவருடைய கணிப்பு. மூன்றாம் ஆங்கிலேய-பர்மியப் போரில் பங்கேற்றுப் பதக்கம் பெற்றார். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. தம் முதுமையில் எழுதிய தன்வரலாற்றுக் கட்டுரையில் இவ்வாண்டுகளைத் தம் வாழ்வின் பெருந்தவறாகவே அவர் குறிப்பிட்டுள்ளார்.

1897 இல் இராணுவத்திலிருந்து விலகி, செருமனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்லெம் வூண்ட் என்பவரிடம் மாணவராகச் சேர்ந்தார். வூண்ட் 1879 இல் அங்கு நிறுவிய ஆய்வுகூடமே உளவியலுக்கென அமைந்த முதல் ஆய்வுகூடமாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அப்போது ஸ்பியர்மனுக்கு வயது 34. படிப்பு தொடர்ச்சியாக நடைபெறவில்லை. 1900 இல் போயர் போரை முன்னிட்டு இராணுவம் அவரை மீண்டும் பணிக்கு அழைத்தது. இடையில், 1901 இல், ஃபேனி எய்க்மன் என்பவரை மணந்தார். பின்னர் லைப்சிக் திரும்பி 1906 இல் முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அந்தப் பட்டத்துக்கான ஆய்வு இடவுணர்வு பற்றியது. அவருக்குப் புகழ் தேடித் தந்த ஆய்வுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. அது பட்டம் பெறுவதற்கு முன்பே வெளிவந்துவிட்டது.

ஒரு சிற்றூர்ப் பள்ளியில்

இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்தில் பிரான்சிசு கால்ட்டனின் நூலைப் படித்த ஸ்பியர்மன், கூர்மையான புலன்களுக்கும் கூர்மையான அறிவுக்கும் தொடர்பு உண்டா என்று அறிய விரும்பினார். பெர்க்சயர் மாவட்டத்தின் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் வயதில் மூத்த 24 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார். இரு ஒலிகளில் எது உயர்ந்த சுருதி, இரு பரப்புகளில் எது ஒளி மிக்கது, இரு பொருள்களில் எது எடை கூடியது என்பவற்றை அப்பிள்ளைகள் எவ்வளவு நுட்பமாகப் பிரித்தறிகின்றனர் என்று அளந்தார். அறிவுத் திறனுக்கு ஆசிரியரின் மதிப்பீட்டையும், பள்ளிக்கு வெளியே வெளிப்படும் நடைமுறை அறிவுக்கு மூத்த பிள்ளைகளின் கருத்தையும் பெற்றுக்கொண்டார். வசதி படைத்த குடும்பத்துச் சிறுவர்கள் பயிலும் வேறொரு பள்ளியின் தேர்வு முடிவுகளையும் சேர்த்துக்கொண்டார்.

இதே வினாவுக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே விடை கூறப்பட்டிருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிளார்க் விசுலர் 1901 இல் வெளியிட்ட ஆய்வு, புலன் நுட்பம், எதிர்வினை நேரம் போன்ற சோதனைகளுக்கும் மாணவர்களின் கல்லூரி மதிப்பெண்களுக்கும் இடையில் தொடர்பு ஏறத்தாழ இல்லை என்று காட்டியது. மனத்தை எண்ணால் அளக்கும் முயற்சிக்கு அது பேரிடியாக அமைந்தது. விசுலரின் முடிவை அறியாமலேயே தம் ஆய்வைத் தொடங்கிய ஸ்பியர்மன், தமக்குக் கிடைத்த விடை வேறாக இருப்பதைக் கண்டபோது ஏன் இந்த முரண்பாடு என்று ஆராய்ந்தார். அவர் கண்ட விளக்கமே அவருடைய பணிகள் அனைத்துக்கும் வித்து.

அளவையில் உள்ள பிழை ஒட்டுறவைக் குறைத்துக் காட்டும் என்பதே அவ்விளக்கம். ஒரு பிள்ளையை ஒரே சோதனைக்கு இரு நாள்கள் உட்படுத்தினால் இரு வேறு மதிப்பெண்கள் கிடைக்கும். ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் உண்மைத் திறன் ஒரு பங்கு, தற்செயல் பிழை மற்றொரு பங்கு. பிழைகள் தமக்குள் தொடர்பற்றவை. ஆகவே பிழை மிகுந்த இரு அளவைகளை ஒப்பிட்டால், உண்மையில் நெருங்கிய தொடர்புள்ள இரு திறன்கள்கூடத் தொடர்பற்றவை போலத் தோன்றும். விசுலரின் சோதனைகள் அவசரமாகச் செய்யப்பட்டவை. கல்லூரியில் சேர்ந்துவிட்ட மாணவர்களோ திறனில் ஏறத்தாழ ஒத்தவர்கள். எனவே தொடர்பு தென்படாததில் வியப்பில்லை என்றார் ஸ்பியர்மன்.

அத்துடன் நிற்காமல், பிழை எவ்வளவு என்று தெரிந்தால் உண்மையான ஒட்டுறவைக் கணக்கிட ஒரு வாய்பாட்டையும் தந்தார். இது நலிவுத் திருத்தம் எனப்படுகிறது. ஒவ்வொரு சோதனையும் தன்னோடு தான் கொள்ளும் ஒட்டுறவு, அதாவது நம்பகத்தன்மை, முதலில் கணக்கிடப்படும். அவ்விரு நம்பகத்தன்மைகளின் பெருக்கற்பலனுக்கு வர்க்கமூலம் கண்டு, கிடைத்த ஒட்டுறவை அதனால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இரு சோதனைகளுக்கு இடையே கிடைத்த ஒட்டுறவு 0.40, அவற்றின் நம்பகத்தன்மை 0.64, 0.81 எனில், வகு எண் 0.72 ஆகும். திருத்தப்பட்ட ஒட்டுறவு ஏறத்தாழ 0.56. ஒரே தரவு, ஆனால் முடிவு வேறு. வாய்பாடு எளியது, அதன் பின்னுள்ள கருத்து எளியதன்று. அளப்பவை அனைத்திலும் பிழை உண்டு, அந்தப் பிழையையும் அளக்க வேண்டும் என்னும் கொள்கையிலிருந்தே பின்னாளில் செந்நெறிச் சோதனைக் கோட்பாடு என வழங்கப்பட்ட துறை முழுவதும் வளர்ந்தது.

1904 ஆம் ஆண்டின் இரு கட்டுரைகள்

இம்முடிவுகளை ஸ்பியர்மன் 1904 இல் அமெரிக்க உளவியல் ஆய்விதழில் இரு கட்டுரைகளாக வெளியிட்டார். முதலாவது கட்டுரை இரு பொருள்களுக்கு இடையிலான தொடர்பை நிறுவுவதும் அளப்பதும் பற்றியது. இரண்டாவது பொது நுண்ணறிவைப் புறநிலையாகக் கண்டறிந்து அளப்பது பற்றியது. நிலையான பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாத, முனைவர் பட்டமும் பெறாத ஒரு முன்னாள் இராணுவ அதிகாரி எழுதியவை இவை.

முதல் கட்டுரையில்தான் தரவரிசைகளைக் கொண்டு ஒட்டுறவைக் கணக்கிடும் முறை விளக்கப்பட்டது. மதிப்பெண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசைப்படுத்தி, அவ்வரிசை எண்களை ஒப்பிடுவதே இதன் சாரம். ஐந்து மாணவர்கள் கணிதத்தில் முறையே 1, 2, 3, 4, 5 ஆகிய தரங்களையும் இசையில் 2, 1, 4, 3, 5 ஆகிய தரங்களையும் பெற்றதாகக் கொள்வோம். தர வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 4 கிடைக்கும். அதை 6 ஆல் பெருக்கினால் 24. மாணவர் எண்ணிக்கையாகிய 5 ஐ, அதன் வர்க்கத்தில் ஒன்று குறைத்த 24 ஆல் பெருக்கினால் 120. முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.8 என்னும் கெழு கிடைக்கிறது. கணிப்பொறி இல்லாத காலத்தில் இக்கணக்கின் எளிமை பெரும் நன்மை. ஆயினும் இம்முறை நிலைத்ததற்கு முதன்மைக் காரணம் வேறு. ஓரிரு மாணவர்கள் மிக உயர்ந்த அல்லது மிகத் தாழ்ந்த மதிப்பெண் பெற்றாலும் தர ஒட்டுறவு அதனால் பெரிதும் திரிவதில்லை. தொடர்பு நேர்கோட்டில் அமைய வேண்டிய தேவையும் இல்லை. 1936 இல் ஆரோல்ட் ஓட்டலிங்கும் மார்கரெட் பாப்ஸ்ட்டும் இக்கெழுவின் கணிதப் பண்புகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, பரவல்களைப் பற்றிய முற்கோள் வேண்டாத புள்ளியியல் முறைகளின் தொடக்கப் படிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. மாரிசு கெண்டல் 1938 இல் மாற்று முறை ஒன்றை வகுத்தார். இன்று இரண்டும் எல்லாப் புள்ளியியல் மென்பொருள்களிலும் அருகருகே இடம்பெறுகின்றன.

இருகாரணிக் கொள்கை

இரண்டாவது கட்டுரையில் செம்மொழிகள், பிரெஞ்சு, ஆங்கிலம், கணிதம், சுருதியைப் பிரித்தறிதல், இசை ஆகிய ஆறுக்கும் இடையிலான ஒட்டுறவுகள் ஒரு அட்டவணையாகத் தரப்பட்டன. செம்மொழிகளுக்கும் பிரெஞ்சுக்கும் 0.83, செம்மொழிகளுக்கும் இசைக்கும் 0.63, சுருதிக்கும் இசைக்கும் 0.40. இதில் இரண்டு செய்திகள் ஸ்பியர்மனின் கவனத்தை ஈர்த்தன. முதலாவது, எதிர்மறை எண் ஒன்றுகூட இல்லை. ஒன்றில் சிறந்தவர் மற்றதிலும் ஓரளவு சிறந்தே இருந்தார். இரண்டாவது, எண்கள் ஓர் ஒழுங்கில் படிப்படியாக இறங்கின.

இந்த ஒழுங்கு எதனால் வருகிறது? ஒவ்வொரு சோதனையிலும் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு காரணியும், அச்சோதனைக்கு மட்டுமே உரிய ஒரு சிறப்புக் காரணியும் செயல்படுகின்றன என்று கொண்டால் இவ்வொழுங்கு தானாக வந்துவிடும் என்று அவர் காட்டினார். பொதுக் காரணியை ஆங்கில எழுத்தான ஜி என்பதாலும் சிறப்புக் காரணியை எஸ் என்பதாலும் குறித்தார். பொருள் பொதிந்த பெயர் எதையும் சூட்டாமல் வெறும் எழுத்தைத் தெரிந்தெடுத்தது வேண்டுமென்றே செய்ததாகும். நுண்ணறிவு என்ற சொல்லை ஆளுக்கொரு பொருளில் வழங்குகின்றனர் என்பது அவருடைய குறை.

கொள்கையைச் சரிபார்க்கவும் வழி இருந்தது. எவையேனும் நான்கு சோதனைகளை எடுத்துக்கொண்டு, இரண்டிரண்டாகப் பிரித்து, ஒட்டுறவுகளைப் பெருக்கிப் பார்த்தால் பெருக்கற்பலன்கள் சமமாக இருக்க வேண்டும். மேற்கண்ட அட்டவணையில் செம்மொழி-பிரெஞ்சு 0.83, ஆங்கிலம்-கணிதம் 0.64, பெருக்கினால் 0.531. செம்மொழி-ஆங்கிலம் 0.78, பிரெஞ்சு-கணிதம் 0.67, பெருக்கினால் 0.523. வேறுபாடு ஏறத்தாழச் சுழி. ஆனால் மூன்றாவது இணையான செம்மொழி-கணிதம் 0.70, பிரெஞ்சு-ஆங்கிலம் 0.67 ஆகியவற்றைப் பெருக்கினால் 0.469 தான் வருகிறது. இத்தகைய விலகல்களைச் சிறிய கூறுகளில் எதிர்பார்க்கத்தக்க தற்செயல் பிழை என்று ஸ்பியர்மன் கொண்டார். எவ்வளவு விலகலைத் தற்செயல் எனக் கொள்ளலாம் என்பதற்குச் சரியான விடை அப்போது எவரிடமும் இல்லை. அமெரிக்கரான கார்ல் ஓல்சிங்கருடன் சேர்ந்து 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் அவர் வெளியிட்ட கட்டுரைகளே இதற்கான வாய்பாடுகளைத் தந்தன. நான்கு சோதனைகளைக் கொண்டு செய்யப்படும் இச்சரிபார்ப்பு நான்மை வேறுபாட்டு முறை எனப்படுகிறது.

1904 கட்டுரையின் கணக்குகள் பிழையற்றவை அல்ல. உளவியல் வரலாற்றாய்வாளர் ரேமண்ட் ஃபேஞ்சர் அக்கணக்குகளை மீண்டும் செய்துபார்த்துப் பல பிழைகளை 1985 இல் வெளியிட்டார். புலன் நுட்பத்துக்கும் நுண்ணறிவுக்கும் இடையிலான திருத்தப்பட்ட ஒட்டுறவு ஏறத்தாழ 1 என்று ஸ்பியர்மன் அறிவித்ததும் பின்வந்த ஆய்வுகளில் நிலைபெறவில்லை; அத்தொடர்பு அதைவிட மிகக் குறைவானது. எனினும், வெவ்வேறு அறிவுச் சோதனைகள் தமக்குள் நேர்மறையாகவே ஒட்டுறவு கொள்கின்றன என்னும் அடிப்படைக் கண்டுபிடிப்பு, நூறாண்டுகளுக்கு மேலாகப் பல நாடுகளில் மீண்டும் மீண்டும் உறுதிப்பட்டு வந்துள்ளது. உளவியலில் இத்தனை முறை தாக்குப்பிடித்த முடிவுகள் மிகச் சிலவே.

பியர்சனுடன் மோதல்

1907 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் செய்முறை உளவியல் விரிவுரைப் பணியில் ஸ்பியர்மன் அமர்ந்தார். அதே கல்லூரியில்தான் கார்ல் பியர்சன் இருந்தார். இன்று வழங்கும் ஒட்டுறவுக் கெழுவை நிறுவியவர் பியர்சன். அன்றைய புள்ளியியல் உலகின் அசைக்கமுடியாத தலைவர். ஸ்பியர்மனின் நலிவுத் திருத்தத்தை அவர் கடுமையாகச் சாடினார். அவ்வாய்பாட்டைப் பயன்படுத்தினால் சில வேளைகளில் ஒட்டுறவு ஒன்றுக்கு மேலாகவும் வந்துவிடுகிறது. ஒட்டுறவு ஒன்றைத் தாண்டுவது இயலாது. எனவே வாய்பாடே தவறு என்பது அவர் வாதம். தரவரிசை முறையையும் அவர் ஏற்கவில்லை. ஸ்பியர்மன் 1907 இல் தம் வாய்பாட்டுக்கு முறையான நிறுவல் ஒன்றை வெளியிட்டு மறுமொழி கூறினார். ஒரே வளாகத்தில் பணியாற்றிய இவ்விருவருக்கும் இடையே இணக்கம் ஏற்படவே இல்லை. பின்னாளைய புள்ளியியல் இருவருக்கும் பாதிப் பாதி நியாயம் வழங்கியது எனலாம். வாய்பாடு சரியானதே; ஆனால் நம்பகத்தன்மையின் மதிப்பே சிறிய கூறிலிருந்து பெறப்படுவதால் திருத்தப்பட்ட எண் மிகுதியாக ஊசலாடும், அதனால் சில வேளைகளில் ஒன்றைத் தாண்டவும் செய்யும்.

இப்பிணக்கிலிருந்து ஒரு நன்மையும் விளைந்தது. ஸ்பியர்மனைக் குறைகூறியவர்களுள் ஒருவரான வில்லியம் பிரவுன் என்பவரும் ஸ்பியர்மனும் 1910 இல் பிரித்தானிய உளவியல் ஆய்விதழின் ஒரே தொகுதியில் ஒரே வாய்பாட்டைத் தனித்தனியே வெளியிட்டனர். ஒரு சோதனையின் நீளத்தைக் கூட்டினால் நம்பகத்தன்மை எவ்வளவு உயரும் என்பதை அது கூறும். நம்பகத்தன்மை 0.60 ஆக உள்ள ஒரு தேர்வின் வினாக்களை இருமடங்காக்கினால் அது 0.75 ஆக உயரும், மும்மடங்காக்கினால் 0.82 ஆகும். அதாவது ஒவ்வொரு கூடுதலும் முந்தையதைவிடக் குறைந்த பயனையே தரும். எதிரெதிர் அணியில் நின்ற இருவரின் பெயரையும் இணைத்து இது ஸ்பியர்மன்-பிரவுன் வாய்பாடு என்று வழங்கப்படுகிறது. லீ குரோன்பாக் 1951 இல் பிரபலப்படுத்திய ஆல்ஃபா கெழு இதன் வழித்தோன்றல். நுழைவுத் தேர்வுகளில் எத்தனை வினாக்கள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வோர் இன்றும் இக்கணக்கையே நாடுகின்றனர்.

தாம்சனின் பகடைகள்

இருகாரணிக் கொள்கைக்கு மிக நுட்பமான எதிர்ப்பு கோட்ஃபிரே தாம்சன் என்பவரிடமிருந்து வந்தது. அவர் 1916 இல் பகடைகளை உருட்டிச் செயற்கையான சோதனை மதிப்பெண்களை உருவாக்கினார். ஒவ்வொரு சோதனையும் பல சிறு கூறுகளின் கூட்டாக அமைந்தது. சில கூறுகள் சில சோதனைகளுக்குப் பொது, ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவான கூறு எதுவும் இல்லை. அவ்வாறிருந்தும் ஒட்டுறவு அட்டவணை ஸ்பியர்மன் கூறிய அதே படிப்படியான ஒழுங்கைக் காட்டியது. பொதுக் காரணி இருந்தால் ஒழுங்கு வரும் என்பது உண்மை. ஒழுங்கு வந்தால் பொதுக் காரணி இருந்தே தீர வேண்டும் என்பது உண்மையன்று. தருக்கத்தில் இவ்விரண்டும் வேறு. இருவரும் இதுபற்றிப் பல்லாண்டுகள் ஆய்விதழ்களில் வாதிட்டனர். ஸ்பியர்மன் தம் நிலையிலிருந்து இறங்கவில்லை. தாம்சன் எழுப்பிய ஐயம் இன்றுவரை முற்றிலும் தீரவில்லை. ஆம்சுடர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் வான் டெர் மாஸ் குழுவினர் 2006 இல் வெளியிட்ட கருதுகோளும் இவ்வழியிலேயே செல்கிறது. தனித்தனித் திறன்கள் வளரும்போது ஒன்றுக்கொன்று துணை செய்வதாலேயே நேர்மறை ஒட்டுறவு தோன்றலாம். பொதுவான ஒரு மூலம் தேவையில்லை என்பது அவர்கள் கூற்று.

அமெரிக்காவில் லூயிசு தர்ஸ்டன் வேறு கோணத்தில் எதிர்த்தார். நான்மை வேறுபாடு சுழியாவது ஒரே ஒரு காரணி இருக்கும் தனிநிலை மட்டுமே. பல காரணிகளுக்கும் இடமளிக்கும் பொதுக் கணிதம் வேண்டும் என்று 1931 இல் எழுதினார். 1938 இல் சொல் வளம், எண் திறன், இட உணர்வு, நினைவாற்றல் உள்ளிட்ட முதன்மைத் திறன்களின் பட்டியலை வெளியிட்டார். அதில் பொதுக் காரணிக்கு இடமில்லை. ஆனால் அம்முதன்மைத் திறன்களும் தமக்குள் ஒட்டுறவு கொண்டிருந்ததால், 1940களில் அவற்றுக்கு மேலே இரண்டாம் படியில் பொதுக் காரணி ஒன்றை அவரே ஏற்க வேண்டியதாயிற்று. ஜான் கேரல் 460 க்கும் மேற்பட்ட தரவுத் தொகுதிகளை மீண்டும் பகுப்பாய்வு செய்து 1993 இல் வெளியிட்ட நூல், மூன்று அடுக்குகள் கொண்ட அமைப்பை முன்வைத்தது. அதன் உச்சியில் இருப்பது ஸ்பியர்மனின் பொதுக் காரணியே.

பிற்கால நூல்களும் மாணவர்களும்

1911 இல் ஸ்பியர்மன் பேராசிரியரானார். 1923 முதல் 1926 வரை பிரித்தானிய உளவியல் கழகத்தின் தலைவராக இருந்தார். 1924 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார். 1931 இல் ஓய்வு பெற்றார்.

பொதுக் காரணி இருக்கிறது என்று காட்டியதோடு அவர் மனநிறைவு கொள்ளவில்லை. அது என்ன என்றும் அறிய விரும்பினார். 1923 இல் வெளிவந்த நூலில் அறிதலின் மூன்று விதிகளைக் கூறினார். தன் அனுபவத்தை உணர்தல், இரு பொருள்களுக்கு இடையே உள்ள தொடர்பைக் கண்டறிதல், ஒரு பொருளும் ஒரு தொடர்பும் தரப்பட்டால் இணையான மற்றொரு பொருளை வருவித்தல் என்பன அவை. 1927 இல் வெளியான மனிதத் திறன்கள் பற்றிய நூலில், பொதுக் காரணி ஒரு வகை மன ஆற்றல். சிறப்புக் காரணிகள் அவ்வாற்றலால் இயங்கும் பொறிகள் என்னும் உவமையை விரித்துரைத்தார. அந்த ஆற்றலை மூளையில் உடலியலாளர் என்றேனும் கண்டுபிடிப்பர் என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கை அவர் கருதிய வடிவில் நிறைவேறவில்லை. அதே நூலில் குறிப்பிடப்பட்ட குறைந்து செல் விளைவு விதி, திறன் குறைந்தோரிடம் ஒட்டுறவுகள் வலுவாகவும் திறன் மிக்கோரிடம் தளர்வாகவும் இருக்கும் என்கிறது.

ஆல்ஃபிரட் பினே 1905 இல் உருவாக்கிய சோதனையை ஸ்பியர்மன் மதிக்கவில்லை. கண்டதையும் சேர்த்த கலவை என்றே கருதினார். ஆனால் அது ஏன் பயனளித்தது என்பதற்கு விளக்கம் தந்தவரும் அவரே. பல வகை வினாக்களைக் கலக்கும்போது சிறப்புக் காரணிகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ள, பொதுக் காரணி மட்டும் எஞ்சுகிறது. ஆகவே எந்த வினா என்பது அவ்வளவு பொருட்டன்று. வேறுபட்ட பல துணைச் சோதனைகளைக் கூட்டி ஒரே எண்ணாகத் தரும் வழக்கத்துக்கு இதுவே அடிப்படை. அவ்வகைச் சோதனைகளில் மிகவும் பரவிய ஒன்றை உருவாக்கிய டேவிட் வெக்ஸ்லர், முதல் உலகப் போரை அடுத்து இலண்டனில் ஸ்பியர்மனிடமும் பியர்சனிடமும் பயின்றவர். ஜான் ரேவன் 1938 இல் வெளியிட்ட அணிவரிசைச் சோதனை, சொற்கள் இன்றி வடிவங்களை மட்டும் கொண்டு, தொடர்பைக் கண்டறிந்து விடுபட்டதை வருவிக்கும் திறனை அளக்கிறது. ஸ்பியர்மனின் விதிகளின் நேரடிச் செயல்வடிவம் இது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய இராணுவம் வீரர்களைத் தெரிந்தெடுக்க இதைப் பயன்படுத்தியது. ஸ்பியர்மனுடன் பணியாற்றிய ரேமண்ட் கேட்டல், காரணிப் பகுப்பாய்வை ஆளுமை ஆய்வுக்குக் கொண்டுசென்றார்.

இந்தியாவில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை 1924 இல் தொடங்கப்பட்டபோது அதன் தலைமையை ஏற்ற எம். வி. கோபாலசுவாமி, இலண்டனில் ஸ்பியர்மனிடம் பயிற்சி பெற்றவர். 1935 இல் மைசூரில் தனியார் வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கி, ஆகாசவாணி என்னும் பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தவரும் இவரே என்பது உளவியலாளர் பலரும் அறியாத செய்தி.

சமுதாயத் தாக்கமும் எதிர்ப்பும்

பொதுக் காரணி ஆய்விதழ்களோடு நின்றுவிட்ட கருத்தன்று. பெர்னார்ட் ஆர்ட் என்பவருடன் இணைந்து 1912 இல் எழுதிய கட்டுரையில், ஒவ்வொருவரின் பொதுத் திறனையும் அளந்து தொழில்களுக்கு ஒதுக்கும் காலம் வரும் என்றும், வாக்குரிமைக்கும் பிள்ளை பெறும் உரிமைக்கும்கூடக் குறைந்தபட்சத் திறன் ஒன்றை வரையறுக்கலாம் என்றும் ஸ்பியர்மன் கருத்துரைத்தார். மேம்பட்ட மக்கட்பேறு என்னும் பெயரில் அக்கால இங்கிலாந்தில் பரவியிருந்த இயக்கத்தின் குரல் இது. நான்கு சோதனைகளின் ஒட்டுறவிலிருந்து குடியுரிமை வரை தாவிய இந்த வேகம், அவருடைய புள்ளியியல் எச்சரிக்கைக்கு முற்றிலும் மாறானது.

அவ்வளவு தொலைவு செல்லாவிடினும், பள்ளிக் கல்வியில் இக்கருத்தின் விளைவு பெரிது. 1938 இல் இங்கிலாந்தில் வெளியான ஸ்பென்சு குழு அறிக்கை, பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியைப் பொது நுண்ணறிவு என்னும் ஒரே மையக் காரணி ஆள்கிறது என்ற கருத்தை ஏற்றது. 1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின், பதினொரு வயதில் நடத்தப்பட்ட தேர்வு ஒன்று பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பியது. பெரும்பாலோருக்குப் பல்கலைக்கழக வாயில் அந்த வயதிலேயே ஏறத்தாழ அடைபட்டது. இக்கொள்கையை அரசுக் குழுக்களிடம் எடுத்துச் சென்றவர் ஸ்பியர்மனுக்குப் பின் அதே துறையின் தலைமையை ஏற்ற சிரில் பர்ட். எனவே பழி முழுவதையும் ஸ்பியர்மன் மீது சுமத்துவது முறையன்று. கருத்து அவருடையது என்பதையும் மறுக்க இயலாது.

அமெரிக்காவில் ஆர்தர் ஜென்சன் 1985 இல், கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையே சோதனை மதிப்பெண்களில் காணப்படும் வேறுபாடு பற்றிய ஒரு கருத்துக்கு ஸ்பியர்மன் கருதுகோள் என்று பெயரிட்டார். ஸ்பியர்மன் 1927 நூலில் போகிற போக்கில் எழுதிய குறிப்பே இதற்கு ஆதாரம். அவர் அதுபற்றித் தனி ஆய்வு எதையும் நடத்தவில்லை. தம் காலத்தில் தாம் ஈடுபடாத ஒரு பெருஞ்சர்ச்சையில் அவர் பெயர் இவ்வாறு சிக்கிக்கொண்டது. மறுபுறம், உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1981 இல் வெளியிட்ட நூல், கணக்கீட்டில் கிடைக்கும் ஓர் எண்ணை மூளைக்குள் இருக்கும் பொருளாகக் கருதுவதே ஸ்பியர்மனின் அடிப்படைத் தவறு என்று வாதிட்டது. ஜேம்சு ஃபிளின் 1987 இல் பதினான்கு நாடுகளின் தரவுகளைத் திரட்டி, ஒரு தலைமுறைக்குள் சோதனை மதிப்பெண்கள் பெருமளவு உயர்ந்திருப்பதைக் காட்டினார். நெதர்லாந்தில் 1952 க்கும் 1982 க்கும் இடையே ரேவன் சோதனையில் ஏற்பட்ட உயர்வு ஏறத்தாழ 20 புள்ளிகள். பொதுக் காரணியை மிகத் தூய்மையாக அளப்பதாகக் கருதப்பட்ட சோதனையிலேயே இத்தகைய ஏற்றம் காணப்பட்டதால், அது மாறாத பிறவித் திறன் என்னும் கருத்து வலுவிழந்தது.

கண்டுபிடிப்பு உரிமை

ஸ்பியர்மன் 1945 இல் தம் 82 ஆம் வயதில் இலண்டனில் காலமானார். விண் ஜோன்சுடன் இணைந்து எழுதிய நூல் அவர் மறைவுக்குப் பின் 1950 இல் வெளிவந்தது. அவர் உயிரோடிருந்தவரை காரணிப் பகுப்பாய்வின் தந்தை அவரே என்பதைப் பர்ட் மறுக்கவில்லை. பின்னரோ, பியர்சனின் 1901 ஆம் ஆண்டுக் கட்டுரையே மூலம் என்றும், அதை உளவியலுக்குக் கொணர்ந்தவர் தாமே என்றும் பொருள்படும்படி எழுதத் தொடங்கினார். பர்ட்டின் வாழ்க்கை வரலாற்றை 1979 இல் வெளியிட்ட லெஸ்லி ஆர்ன்ஷா, இக்கூற்று ஆவணங்களுக்கு முரணானது என்று விரிவாக எடுத்துக்காட்டினார். பியர்சன் 1901 இல் தந்தது புள்ளிகளுக்கு மிக நெருங்கிய கோட்டையும் தளத்தையும் காணும் முறை. அதிலிருந்து ஓட்டலிங் 1933 இல் வளர்த்தெடுத்தது முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு. கண்ணுக்குப் புலப்படாத ஒரு காரணியைக் கருதுகோளாக வைத்து, அதைத் தரவைக் கொண்டு சோதித்தவர் ஸ்பியர்மனே. இவ்விரு முறைகளும் மென்பொருள்களில் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து இருப்பதால் இன்றும் குழப்பம் நேர்கிறது.

டி. என். லாலி 1940 இல் காரணிப் பகுப்பாய்வுக்கு மீப்பெரு நிகழ்தகவு முறையில் அடித்தளம் அமைத்தார். கருதுகோளை முன்னரே வகுத்துச் சோதிக்கும் முறையைச் சுவீடனைச் சேர்ந்த கார்ல் யோரெஸ்கோக் 1969 இல் வெளியிட்டு, பின்னர் கணிப்பொறி நிரலாகவும் வழங்கினார். பொருளியல், சமூகவியல், மருத்துவம், சந்தை ஆய்வு ஆகிய துறைகளில் இம்முறைகள் பரவின. நான்மை வேறுபாட்டு முறைக்கும் எதிர்பாராத மறுபிறப்பு ஒன்று கிட்டியது. கிளார்க் கிளைமோர் தலைமையில் மெய்யியலாளர் குழு ஒன்று 1987 இல் வெளியிட்ட நூலில், தரவுகளிலிருந்து காரணகாரியத் தொடர்புகளைத் தேடும் கணிப்பொறி நிரல் ஒன்று அறிமுகமானது. ஒட்டுறவுகளின் பெருக்கற்பலன்கள் எங்கெங்கு சமமாகின்றன என்று ஆராய்ந்து, மறைந்திருக்கும் பொதுக் காரணத்தை அது ஊகிக்கும். ஸ்பியர்மன் கையால் கணக்கிட்ட அதே சமன்பாடு என்பதால், அந்நிரலுக்கு அவர் வழங்கிய சொல்லையே தழுவி டெட்ராட் என்று பெயரிட்டனர்.